பெடிகிரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்: படம் யாரைக் கேட்காமல் விட்டது?

2008 ஆகஸ்ட் 19 அன்று பிபிசி ஒன் சேனலில் ஒளிபரப்பான ஆவணப்படம் இது. இயக்கம் ஜெமிமா ஹாரிசன். இத்தனை வருஷம் கழிச்சு இப்போ எதுக்குன்னு கேட்கலாம். நாய் இனங்களின் பரம்பரை நோய்களைப் பற்றி எதைப் படித்தாலும் எங்காவது ஓரிடத்தில் இந்தப் படத்தின் பெயர் வந்துவிடுகிறது. சரி, அப்படி என்னதான் சொல்லியிருக்காங்கன்னு உட்கார்ந்து பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது கோபம் வந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது வந்தது வேறு, ஒருவிதச் சங்கடம். இந்தக் குறிப்பு இரண்டையும் பற்றியது.

படத்தின் வாதம் எளிமையானது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1873-ல் தொடங்கியது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பதிவேடு, ஒரு தோற்ற இலக்கணம். பதிவேட்டில் இருக்கும் நாய்களுக்குள்ளேயேதான் இனப்பெருக்கம். இலக்கணத்துக்கு நெருக்கமான நாய்க்குக் கண்காட்சியில் பரிசு. பரிசு வாங்கிய ஆண் நாய்க்கு ஊரெல்லாம் குட்டிகள். இப்படியே பல தலைமுறை போனால், அழகோடு சேர்ந்து நோயும் இனம் முழுக்கப் பரவும்.

இதற்குப் படம் காட்டும் முதல் சாட்சி கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். சின்ன உருண்டைத் தலை, பெரிய கண்கள், பார்த்தாலே தூக்கிக் கொஞ்சத் தோன்றும் நாய். அந்தத் தலைக்குள்தான் பிரச்சினை. மண்டை ஓட்டின் பின்பகுதியில் மூளைக்குப் போதிய இடம் இல்லை. மூளை நெருக்கித் தள்ள, தண்டுவட நீரின் ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்துக்குள்ளேயே நீர்ப்பைகள் உருவாகின்றன. பெயர் சிரிங்கோமைலியா. வலி தாங்காத நாய் கழுத்துப் பக்கம் காற்றில் சொறிந்துகொண்டே இருக்கும். விவரம் தெரியாதவர்கள் உண்ணி கடிக்குதுன்னு நினைப்பார்கள். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத 555 கவலியர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-ல் வந்தது. ஒரு வயது நாய்களில் கால்வாசிக்கும், ஆறு வயதைத் தாண்டியவற்றில் 70 சதவீதத்துக்கும் இது இருந்தது. போதாததற்கு இதய வால்வு நோய் வேறு. இந்த நோய் இருப்பது ஸ்கேனில் தெரிந்த பிறகும் ஒரு சாம்பியன் ஆண் நாய் இனப்பெருக்கத்துக்குப் பயன்பட்டதைப் படம் வெளிப்படையாகச் சொல்கிறது.

என்னை அதிகம் உலுக்கியது ரோடேசியன் ரிட்ஜ்பேக் பகுதி. இந்த இனத்தின் அடையாளம் முதுகில் எதிர்த்திசையில் வளரும் ஒரு கோடு முடி. அந்தக் கோட்டைத் தரும் மரபணு மாற்றமே டெர்மாய்டு சைனஸ் என்ற தோல், தண்டுவடக் கோளாறுக்கும் வழி வைக்கிறது. கோடு இல்லாமல் பிறக்கும் குட்டிக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கோடு இல்லாத குட்டிகளைக் கொன்றுவிடலாம் என்று அப்போதைய பிரிட்டன் இனச்சங்கத்தின் நெறிமுறையிலேயே எழுதியிருந்தார்கள். ஆரோக்கியம்தான் குறை! இதைக் காட்டியதற்காக மட்டுமே இந்தப் படத்துக்கு நன்றி சொல்லலாம்.

விளைவுகளும் சாதாரணமில்லை. பல பத்தாண்டுகளாக ஒளிபரப்பி வந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை பிபிசி கைவிட்டது. கென்னல் கிளப் இன இலக்கணங்களைத் திருத்தியது. தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறப்புகளுக்குள் நடக்கும் சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதையும் 2009-ல் நிறுத்தியது. உயிரியலாளர் பாட்ரிக் பேட்சன் தலைமையிலான விசாரணை அறிக்கை 2010 ஜனவரியில் வந்தது. ஒரு தொலைக்காட்சிப் படம் இவ்வளவு செய்தது பெரிய விஷயம்.

இனி குறைகள். முதலாவது, இனத்தூய்மை பேசிய யூஜெனிக்ஸ், ஹிட்லர் வரை படம் இழுத்துக்கொண்டு போவது. 19-ஆம் நூற்றாண்டின் 'தூய ரத்தம்' என்ற எண்ணத்துக்கும் பதிவேட்டுக்கும் வரலாற்று உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாஜிக் காட்சிகளை வைத்ததும் பேச்சு திசைமாறிவிடுகிறது. கேட்கவேண்டியவர்கள் காதை மூடிக்கொள்ள நாமே ஒரு சாக்கு கொடுத்த மாதிரி. பிறகு ஆஃப்காமும் கென்னல் கிளப்பின் புகாரில் ஒரு பகுதியை ஏற்றது. சில குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்ல முறையான வாய்ப்பு தரப்படவில்லை என்பது அதன் முடிவு.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. படத்தின் வில்லன்கள் வளர்ப்பவர்கள், நடுவர்கள், கிளப் நிர்வாகிகள். வாங்குகிறவர் கிட்டத்தட்ட அப்பாவியாக, ஏமாந்தவராக மட்டுமே வருகிறார். ஆனால் படம் வந்த பிறகு என்ன நடந்தது? தட்டை மூக்கின் ஆபத்தைப் பற்றி ஊரே பேசிய அந்தப் பத்து வருஷத்துக்குள், பிரிட்டனில் பிரெஞ்சு புல்டாக் பதிவுகள் ஏறிக்கொண்டே போய் 2018-ல் லாப்ரடாரையே முந்தின. அதை வாங்கிய பெரும்பாலானவர்கள் எந்தக் கண்காட்சிக்கும் போகாதவர்கள். அந்த முகம் பிடித்திருந்தது, வாங்கினார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிய பக் நாயை யாருக்கு மறக்கும்? அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு பக். எங்கள் மாடிவீட்டிலும் ஒன்று இருந்தது. அது குறட்டை விடுவதைக் கேட்க வேலை மெனக்கெட்டுப் போய் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். அந்தக் குறட்டை, மூச்சு போகும் வழி அடைபட்டதன் சத்தம் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. சங்கடம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

கெட்ட ஆட்களை நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் படம் விட்டுச்செல்கிறது. நல்ல மனதுள்ள வளர்ப்பாளர் எம்ஆர்ஐ எடுத்து, இதயப் பரிசோதனை செய்து, இரண்டிலும் தேறாத கவலியர்களை ஒதுக்கினால் மிச்சம் எத்தனை இருக்கும்? மூடிய பதிவேட்டுக்குள் தேடினால் கிடைக்கிற அளவு நோயற்ற ரத்தம் அங்கே இல்லை. நார்வே உச்ச நீதிமன்றம் 2023-ல் வழக்குக்கு உள்ளான கவலியர் இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று சொன்னதன் பின்னணி இதுதான். மற்ற இனங்களோடு கலந்து இந்த இனத்தை மீட்க முடியுமா என்பதே அங்கே இப்போதைய பேச்சு.

ஆக, பாருங்கள் என்றே சொல்வேன். குறைகள் இருந்தாலும், சாட்சிகளை நேரில் நிறுத்துவதில் இதற்கு இணையான படத்தை நான் பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் கென்னல் கிளப்பைத் திட்டுவதோடு நிறுத்திவிட வேண்டாம். 'ஐயோ, எவ்ளோ க்யூட்'னு அடுத்த முறை சொல்ல வாயெடுக்கும்போது, அந்த நாய் எப்படி மூச்சு விடுதுன்னு ஒரு நிமிஷம் கவனியுங்க.