மணலிலிருந்து கைக்கணினிக்கு: வாத்தியாரைப் பழக்குதல் என்னும் சொல்லாடல்

மதுரைக்கு மேற்கே ஒரு குறுவள மையத்தில் சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போய்வந்த டீச்சர் ஒருவர் சொன்னது இது. அவர் வகுப்பில் மூன்றாவது படிக்கிற பையன், புத்தகத்தில் 'வந்தார்கள்' என்று அச்சாகியிருப்பதை 'வந்தாய்ங்க' என்று வாசிக்கிறான். எழுத்துக்கூட்டித் திணறவில்லை, சரளமாகவே போகிறான். 'பார்த்தார்கள்' வந்தால் 'பாத்தாய்ங்க'. பயிற்சியில் டீச்சர் கேட்டிருக்கிறார்: "சார், இவன் வாசிக்கிறானா, வாசிக்கலையா?" கருத்தாளர் சொன்னாராம்: "அரும்புன்னு போட்டுட்டுப் போங்க டீச்சர்." "அவன் அரும்பு இல்ல சார். வாசிச்சுட்டான். வாசிச்சதை அவுக வீட்டுப் பேச்சுல சொல்றான்." "அதுக்கு ஆப்புல இடமில்ல டீச்சர்."

கருத்தாளர் கெட்டவர் அல்லர். அவரும் ஒரு வாத்தியார்தான். அவருக்கு மேலே ஒரு கருத்தாளர், அவருக்கும் மேலே ஒருவர். அங்கிருந்து இறங்கி வந்ததை இவர் இறக்கி வைக்கிறார். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் மேலூர்க் கடைமடைக்கு வந்து சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஒரு வித்தியாசம், வாய்க்காலில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். பயிற்சியில் விளக்கம் குறைந்து உத்தரவு மட்டும் முழுசாக வந்து சேர்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது 'இடமில்லை' என்ற சொல். 'வந்தார்கள்' என்பதைப் பார்த்து 'வந்தாய்ங்க' என்று ஒரு குழந்தை சொல்ல வேண்டுமானால், அது எழுத்தை அறிந்து, பொருளை அறிந்து, அந்தப் பொருளைத் தன் மொழியில் மறுபடி உண்டாக்கியிருக்க வேண்டும். 'வந்-தார்-கள்' என்று பிசகாமல் உச்சரித்துவிட்டு யார் வந்தார்கள் என்று கேட்டால் முழிக்கிற குழந்தையைவிட இது பல படி மேலே. கென்னத் குட்மன் 1960களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: வாசிப்பில் நிகழும் விலகலைப் பிழை என்று தள்ளக்கூடாது, வாசிப்பவர் மூளையில் என்ன நடக்கிறது என்பதை அதன் வழியாகத்தான் பார்க்க முடியும். அந்த டீச்சர் குட்மனைப் படித்தவரல்லர். பதினெட்டு வருஷ வகுப்பறை அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆசிரியர் மேம்பாடு என்று எதையாவது சொல்ல முடியுமென்றால் அது இங்கிருந்துதான் தொடங்க முடியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை அது அங்கேயே முடித்துவைக்கப்பட்டது.

இந்த 'இடமில்லை'க்கு வயது 200 வருஷத்துக்கு மேல். 1789இல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாக வந்தவர் ஆண்ட்ரூ பெல். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், அழித்து அழித்து எழுதலாம். தன் விடுதியிலும் இதையே செய்யச் சொன்னார். விடுதி வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் அவர்களோடு மல்லுக்கட்டவும் இல்லை, உட்கார்ந்து பேசவும் இல்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புக்கு நீயே எழுத்துச் சொல்லிக்கொடு என்று உட்கார வைத்துவிட்டார். பையன் செய்துகாட்டினான். 1797இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஏறக்குறைய இதே முறையை லங்காஸ்டர் தனியாக நடத்த, யாருடையது முதல் என்று இரு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டன. மணலுக்குச் சொந்தக்காரன் அந்தச் சண்டையில் கட்சியாகவே இல்லை.

1975இல் வந்த சிறை பற்றிய நூலில் ஃபூக்கோ ஐரோப்பாவின் இந்த 'பரஸ்பரப் பள்ளி'களைப் பேசுகிறார்: சைகைக்கு எழுந்து சைகைக்கு உட்காரும் உடல்கள், வகுப்பறை முழுவதும் ஒரு கற்கும் எந்திரம். அந்தப் பக்கங்களை வாசிக்கிறபோது நமக்கு எழும்பூர் ஞாபகம் வரவேண்டும். ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் ஒரு கிளை வேர்விட்டது நம்மூர் மணலில். அந்த மணலில் நடந்த முதல் காரியம், ஒத்துக்கொள்ளாத வாத்தியாரைத் தேவையற்றவராக்கியது. வாத்தியார் இல்லாமலும் ஓடக்கூடிய வகுப்பறை என்ற கனவு கணினியோடு பிறந்ததல்ல.

இதைச் சொன்னவுடன் திண்ணைப் பள்ளியைத் தூக்கிப் பிடிக்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலைக் காட்டுவார்கள். 1822இல் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 11,575 பள்ளிகளும் 1,57,195 மாணவர்களும் இருந்தார்கள் என்பார்கள். எண்ணிக்கை சரிதான். அதில் பெண் குழந்தைகள் எத்தனை பேர், சேரியிலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி வரும்போது குரல் தாழ்ந்துவிடும். கோதண்டம் போட்டுப் பிள்ளையைத் தொங்கவிட்ட இடமும் அந்தத் திண்ணைதான். செந்தில் பாபு எண்சுவடிகளை வைத்துக் காட்டியதுபோல, அங்கே மனப்பாடம் வெறும் கிளிப்பிள்ளைத்தனமாக இல்லை, அது ஒரு கற்கும் முறையாக இருந்தது என்பதை ஏற்கலாம். யாருக்கு என்ற கேள்வியை அதற்காக விட்டுவிட முடியாது.

மதுரைச் சமவெளியில் இந்தக் கேள்விக்கு ரேகை படிந்த பதில் உண்டு. உசிலம்பட்டி வட்டாரத்தில் குற்றப் பழங்குடியினர் சட்டத்தைப் பெரியவர்கள் இன்றும் 'ரேகைச் சட்டம்' என்றே சொல்வார்கள். கட்டைவிரலை உருட்டிப் பதிவேட்டில் வை, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு என்ற சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் 1920களில் வந்தது அந்த ரத்தத்துக்குப் பின்னால்தான். ரேகை எடுத்த அதே அரசுதான் சிலேட்டும் கொடுத்தது. 'சீரமைப்பு' என்ற சொல்லில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பள்ளிகளில் படித்து வந்த தலைமுறைகள் வாத்தியார் ஆனார்கள், வக்கீல் ஆனார்கள். அதிகாரம் கொடுத்ததை அதற்கு எதிராகவும் பயன்படுத்தினார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. 2019இல் அரசுப் பள்ளி வாத்தியார்களுக்கு விரல்ரேகை வருகைப்பதிவு வந்தபோது, இந்தப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எங்க தாத்தா வச்ச எடத்துல நான் வைக்கலை, எங்க மகன் வைக்கிறான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இனிச் சமீபத்துக்கு வருவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது செயல்வழிக் கற்றல். ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ராமாவும் உருவாக்கியதைப் பார்த்து வந்து, எம்.பி. விஜயகுமார் என்ற அதிகாரியின் முனைப்பில் நடந்தது. ஏணிப்படி, அட்டைகள், அட்டைக்கொரு சின்னம், குழந்தையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. வாத்தியார் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார வேண்டும். இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். சாதி பார்த்து உட்காரவைத்த வகுப்பறைகளில் எல்லோரும் ஒரே பாயில் என்பது ஒரு சின்னக் கலகம். ஆனால் அட்டையில் எழுதியதற்கு வெளியே போக வாத்தியாருக்கு வழியில்லை. சின்னத்தைப் பார், அடுத்த அட்டையை எடு. கொஞ்ச காலத்தில் அட்டை வாத்தியாராகிவிட்டது, வாத்தியார் அட்டை எடுத்துக் கொடுப்பவரானார். பெல்லின் எட்டு வயதுப் பையன் இப்போது அட்டை வடிவில்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்த பிறகு வந்தது 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் 13 அன்று அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கினார்கள். 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் என்பது இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பாடல் களம், கதைக் களம், படித்தல் களம் என்று வகுப்பை மாற்றியமைத்தார்கள். பருவத்துக்குப் பருவம் பயிற்சி. பொம்மையும் பாட்டுமாக அந்தப் பயிற்சிகள் கலகலப்பாக இருந்தன என்று போனவர்களே சொல்கிறார்கள். கேலி செய்ய எனக்கு மனமில்லை; இரண்டு வருஷம் எழுத்தையே பார்க்காமல் வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டியிருந்தது. சிக்கல் செயலியில்தான் வந்தது. கைப்பேசியில் மதிப்பீட்டை ஏற்று, பதிவேற்று. நெட்வொர்க் கிடைக்கவில்லையென்றால் கண்மாய்க்கரை மேட்டில் போய் நின்று ஏற்று. 2023 ஜூலையில் 'மணற்கேணி' செயலி வந்தது. குறளில் தோண்டத் தோண்ட ஊறுவது அறிவு. இங்கே தோண்டுவது யார், ஊறுவது எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிறகு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும், பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறைகளும் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லது. எந்தக் கருவியும் தன்னளவில் எதிரியல்ல.

பாவ்லோ ஃப்ரெய்ரேயும் கருவி பயன்படுத்தியவர்தான் என்பதை அவர் பெயரைச் சொல்லும் நம் தோழர்கள் மறந்துவிடுகிறார்கள். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கிற முயற்சி. சுவரில் படவீழ்த்தியால் படம் காட்டினார்கள். செங்கல் படம், வயல் படம். ஆனால் எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதை அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு முடிவு செய்தார்கள். கருவி கேட்டதற்குப் பின்னால் வந்தது. இங்கே கருவி முதலில் வந்து, கேட்பது வராமலே போய்விட்டது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெய்ரேயைச் சிறையில் போட்டு நாட்டைவிட்டே துரத்தியது. எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்ததற்காக யாரையும் துரத்தமாட்டார்கள்.

1990களின் அறிவொளி இயக்கமும் அடுக்கடுக்கான பயிற்சிதான் நடத்தியது. கருத்தாளர் என்ற சொல்லை அந்த நாளில்தான் ஊர் ஊராகக் கேட்டதாக மூத்தவர்கள் சொல்கிறார்கள். ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' வாசித்தால் தெரியும்: போன தொண்டர் கற்றுக்கொண்டு திரும்பினார். சொலவடை, விடுகதை, கதை எல்லாம் கீழிருந்து மேலே வந்தது. இப்போது மேலே போவது தரவு மட்டும்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நம்மிடமும் ஒரு கேள்வி. கி.ரா. 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டார். 1991இல் 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு அகாதெமி விருது வந்தது. அதன்பின் வட்டார வழக்கு இலக்கியத்தில் கௌரவமான சரக்காகிவிட்டது. 'வந்தாய்ங்க' என்று நாவலில் எழுதினால் மண்வாசனை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் சிவப்பு மை. இந்த முரணைப் பற்றி நாம் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்? மதுரை நகருக்குள்ளே வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்து, தமிழ் எழுத்துக்கு வருகிற பிள்ளை இருக்கிறது. தெலுங்கோ கன்னடமோ பேசும் அருந்ததியர் தெருவிலிருந்து வருகிற பிள்ளை இருக்கிறது. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மூன்றே மூன்று பூ நிலை. எழுத்துத் தமிழைக் கற்றுத்தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டா மாறுதல் விண்ணப்பம் 'வந்தாய்ங்க'வில் எழுத முடியாது; எழுத்துத் தமிழை மறுப்பதும் இன்னொரு தீண்டாமைதான். அதற்குப் போகும் பாதை பிள்ளையின் வாயிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே வாதம். அந்தப் பாதையைப் போடத் தெரிந்தவர் யார் என்பதே தகராறு.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பணியில் ஐந்து வருஷத்துக்குமேல் மீதமுள்ளவர்கள், எப்போதோ வேலையில் சேர்ந்தவர்களானாலும், இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றது. தகுதியில்லாத வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்க முடியாது என்ற நியாயத்தை ஏழைப் பெற்றோர் பக்கத்திலிருந்து பார்த்தால் தள்ள முடியாது. ஆனால் பதினெட்டு வருஷம் பயிற்சி பயிற்சி என்று கூப்பிட்டு உட்காரவைத்தது எதற்கு என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அத்தனை பயிற்சியும் தகுதியில் சேரவில்லையென்றால், அவை யாருடைய கணக்கில் சேர்ந்தன?

அந்த டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தச் சொல்லை எப்படி வாசித்தது என்று தேதியோடு குறித்திருக்கிறார். 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆகிற இடம், எந்த மாதம் அது எழுத்தில் மட்டும் 'ழ'வுக்குத் திரும்பியது, பேச்சில் திரும்பவே இல்லை என்பதுவரை. எந்தப் பயிற்சியிலாவது இதை அரை மணி நேரம் பேச விடுவார்களா என்று கேட்டுப் பார்த்தாராம். நிகழ்ச்சி நிரல் மேலேயிருந்து வருது டீச்சர் என்றார்களாம். டீ இடைவேளையில் வராந்தாவில் வைத்து ஏழெட்டுப் பேர் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் தன் போனில் நாலு பக்கம் படம் எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர், எங்க ஸ்கூல்ல 'ய்ங்க'வை எழுதவிட்டு, கீழே 'ஆர்கள்' எழுதிப் பழக்குறேன் டீச்சர், மூணு மாசத்துல பிடிச்சிக்கிறாங்க என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.