தாவலைவிட இறக்கம் முக்கியம்

சுவர்களையும் தடைகளையும் தாண்டிச் செல்லும் பார்கூர் கலையின் காணொலிகளில் நம் கண்ணில் படுவது தாவல் மட்டும்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒருவர் பறக்கிறார், கேமரா கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறது, உடனே அடுத்த காட்சி வந்துவிடுகிறது. அவர் கால் எங்கே ஊன்றினார், எப்படி ஊன்றினார் என்பது தெரிவதே இல்லை. இந்தக் கலையின் உயிர் இருப்பது அங்கேதான்.

குட்டிச்சுவரின் விளிம்புக்குத் தாவும் தேர்ந்த வீரரை உற்றுப் பாருங்கள். குதிகால் படாது. பாதத்தின் முன்பகுதி மட்டும் விளிம்பில் பதியும். முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, வந்த வேகத்தைத் தொடைகள் வாங்கிக்கொள்ளும். உயரம் கூடினால் உருள வேண்டும். அந்த உருளல் ஒரு தோளில் தொடங்கி, முதுகின் குறுக்கே போய், எதிர்ப்பக்க இடுப்பில் முடியும். நேராக முதுகெலும்பின் மேல் உருண்டால் சிமென்ட் தரை பதம் பார்த்துவிடும். நல்ல வீரர் இறங்கினால் சத்தமே வராது. 'தொப்'பென்று கேட்டால், அடியை மூட்டு வாங்கியிருக்கிறது.

பாரிஸுக்குத் தெற்கே இருக்கும் லிஸ் என்ற சிற்றூரில் டேவிட் பெல்லும் நண்பர்களும் பார்கூரை வளர்த்தெடுத்தார்கள். டேவிட்டின் தந்தை ரேமோன் பெல் பாரிஸ் தீயணைப்பு வீரராக இருந்தவர். வியட்நாமில் பிறந்து, சிறுவயதிலேயே ராணுவத் தடைப்பாதையில் பழகியவர். அந்தப் பயிற்சி மரபைப் பின்னோக்கித் தேடினால் ஜார்ஜ் எபெர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியிடம் போய் நிற்கும். பிறருக்கு உதவத்தான் உடல்வலு என்பது எபெரின் கொள்கை.

இன்றைய ஜிம் கலாசாரத்தில் எனக்குக் குறையாகப் படுவது, இந்தப் பயன்பாட்டு நோக்கம் இல்லாததுதான். எந்திரத்தில் உட்கார்ந்து எடை தள்ளினால் தசை ஏறும், சந்தேகமில்லை. ஆனால் அங்கே சமநிலையை எந்திரமே பார்த்துக்கொள்கிறது. கண்ணாடியில் தெரியும் தோளுக்குக் கிடைக்கும் கவனம், கணுக்காலுக்கும் இடுப்புக்கும் கிடைப்பதில்லை. வழுக்கி விழும்போது காப்பாற்றப் போவது அவைதானே?

பார்கூரும் இப்போது மேடையேறிவிட்டது. 2017ல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு அதைத் தன் பக்கம் இழுக்க முனைந்தபோது, பல நாட்டுப் பார்கூர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஆனாலும் 2022ல் டோக்கியோவில் அந்தக் கூட்டமைப்பின் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் உள்ள வேகப் போட்டியை நான் ரசிக்கிறேன். அதில் ஒவ்வொரு இறக்கமும் அடுத்த அடியின் தொடக்கம். தடுமாறினால் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு பிரிவான ஃப்ரீஸ்டைலில்தான் என் மனம் ஒட்டவில்லை. கரணம் கூடக் கூடக் கைதட்டலும் கூடுகிறது.

போட்டிக்கென்று கட்டிய தளத்தில் எல்லாத் தடைகளும் சோதித்து வைத்தவை. தெருவில் அப்படியில்லை. கைப்பிடிச்சுவரைத் தடவிப் பார்க்க வேண்டும், செங்கல் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்க வேண்டும். பாசி படிந்திருந்தால் இன்று வேண்டாம் என்று திரும்பிவிட வேண்டும். பார்கூர் கற்றுத்தரும் மிகப் பெரிய திறமை அந்தத் திரும்பல். அதற்கு எந்தப் போட்டியிலும் மதிப்பெண் கிடையாது.

2024ல் கிடாக்யூஷுவில் இரண்டாவது சாம்பியன்ஷிப்பும் முடிந்துவிட்டது. போட்டிகள் வளரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விதி எழுதும் அறையில், தெருச்சுவர்களில் பழகி வந்த பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் வகுப்பில் கரணம் சொல்லித்தராமல், இறங்கச் சொல்லித்தருபவர்கள் அவர்கள்தான்.