காப்பவர், கொடுப்பவர், திரும்பி வருபவர்

இரவலர், புரவலர். முதலெழுத்து ஒன்றைத் தவிர இரண்டும் ஒரே சொல். கேட்டு வருபவரையும் கேட்டதைத் தருபவரையும் இத்தனை நெருக்கமாக, தோள் உரசும்படி நிறுத்தி வைத்த மொழியின் நாகரிகத்தை என்னென்று வியப்பது! புரவலர் என்பதை இன்னொரு முறை மெல்லச் சொல்லிப் பாருங்கள். புரத்தல் என்றால் காத்தல். அந்தச் சொல்லுக்குள் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. கவிந்து நிற்கும் ஒரு குளிர் நிழல்தான் இருக்கிறது. வள்ளலில் வண்மை ததும்பி வழிகிறது. கொடையாளியில் கை நீண்டு தெரிகிறது. புரவலரோ அருகில் நின்று காக்கிறார், அவ்வளவே.

கொடுப்பது ஒன்று, காப்பது வேறொன்று என்னும் இந்த நுண்மை திருக்கோணமலை மாவட்டத்துக் கல் ஒன்றில் அழகாகப் பதிந்திருக்கிறது. பாலமோட்டைக் கல்வெட்டு அது. முதலாம் விசயபாகு மன்னனின் 42ஆம் ஆட்சியாண்டில் நங்கைசானி என்ற பிராமண விதவை, மறைந்த கணவனின் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குப் பொன் அளித்தாள். அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டது. கொடுத்தவள் தனித்துப்போன ஒரு பெண். காத்தவர்கள் ஆயுதம் ஏந்திய வீரர்கள். இருவரில் புரவலர் யார்? இருவரும்தான். துயரத்தைக் கொடையாக்கிய அந்த நங்கையின் மென்மையும், அதைத் தன் மானமாக எண்ணிக் காத்த படையின் உறுதியும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் நிறைகிறது.

அதே மாவட்டத்துப் பெரியகுளத்து விகாரைக்கும் வாருங்கள். வெல்காம விகாரையாகிய அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் இன்னொரு பெயர். அங்கே பௌத்தப் பள்ளி ஒன்றுக்குத் தமிழில் எழுதிய கொடைச் சாசனங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஒரு நந்தா விளக்கையும் 84 பசுக்களையும் பேசுகிறது. நந்தாத விளக்கு, அதாவது அணையாத விளக்கு. பசுக்கள் ஏன் என்றால், நெய்க்கு. பால் தயிராகி, தயிர் வெண்ணெயாகி, வெண்ணெய் உருகி நெய்யாகி, அந்த நெய் சுடராகும் வரை உள்ள நீண்ட பாதை முழுவதையும் எண்ணிப் பார்த்துக் கொடுத்த கொடை இது. விளக்குக்காக விடப்படும் மந்தைகளைச் சோழநாட்டுச் சாசனங்கள் சாவா மூவா என்று சிறப்பிக்கும். ஒன்று போனாலும் கன்று ஒன்று அந்த இடத்துக்கு வரும்; எண்ணிக்கை குறையாது; ஆகவே மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. எத்தனை கனிவான கணக்கு! கொடுத்தவர் போன பிறகும் ஒளி நிற்க வேண்டும் என்ற ஆசையை இதைவிட நயமாகச் சொல்ல முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

திருக்கோணமலைக் கோணேசர் கோயிலின் மரபோ இன்னும் இரு சொற்களைப் பேணி வைத்திருக்கிறது: தானத்தார், வரிப்பத்தார். குளக்கோட்டன் குடியமர்த்தியதாகக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் சொல்லும் தொழும்பாளர்கள் இவர்கள். வரிப்பற்றார் என்பதே வரிப்பத்தார் ஆயிற்று என்பார்கள். அந்தப் பற்று என்ற சொல்லில் சற்றுத் தங்கலாம். கட்டுக்குளப்பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று என்று இந்த மாவட்டத்தின் பழைய நிலப்பிரிவுகளே பற்றுகள். நிலமும் பற்று, நேசமும் பற்று. ஒரு கோயிலையோ கொள்கையையோ மனதாரத் தாங்குபவரைப் பற்றாளர் என்கிறோமே, அவர் காலடியில் ஒரு துண்டு நிலமும் நெஞ்சில் ஒரு பிடி அன்பும் ஒரே பெயரில் கிடக்கின்றன.

இன்றைய வழக்கில் என்னை மிகவும் மயக்குவது திருவிழாக்காரர். உபயகாரர் என்றும் சொல்வதுண்டு. ஆனால் திருவிழாக்காரர் என்பதில்தான் உரிமை மணக்கிறது. கொடியேறிய பின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு. "இண்டைக்கு ஆற்ற திருவிழா?" என்று வீதியில் கேட்பார்கள். சாமி எல்லோருக்கும் பொது. அந்த மாலையின் மேளமும் சாத்துப்படியும் மட்டும் ஒரு வீட்டாருடையவை. கடல் கடந்து போன பிள்ளைகளும் அந்த நாளை விட்டுக்கொடுப்பதில்லை.

சங்கங்களின் அழைப்பிதழ்களில் போஷகர் என்று ஒரு பெயர் வரும். வடசொல்தான், ஆனாலும் ஈழத்தில் அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. போஷித்தல் என்றால் ஊட்டி வளர்த்தல். புரவலர் காக்கிறார், போஷகர் ஊட்டுகிறார். நூல் வெளியீட்டு மேடையில் முதற்பிரதி பெறுபவரையும் மறக்கக் கூடாது. ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்குபவர்தான் அவர். ஆனால் விலையைக் கேட்பதில்லை. மூடிய கடித உறையை இரு கையாலும் நீட்டி, நூலை இரு கையாலும் வாங்கிக்கொள்வார். வாங்குபவரும் ஆதரிப்பவரும் ஒரே ஆளாகும் அந்தக் கணத்தின் மரியாதை பேரழகு.

கடைத்தெருவுக்கு வந்தால் வாடிக்கை. வங்கியில் வாடிக்கையாளர், கடையில் வாடிக்கைக்காரர், பேச்சில் வெறும் வாடிக்கை. வழக்கம் என்பதே அதன் பொருள். ஒருமுறை வந்து வாங்கிப் போகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. திரும்பத் திரும்ப வந்த கால்களுக்கே அது உரியது. கரைவலைக்காரர் கடலோரம் கட்டும் கொட்டிலுக்கு இங்கே வாடி என்று பெயர். இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டென்று நான் சொல்லவில்லை. மீன் வாங்கப் போகும்போது இரண்டும் சேர்ந்து காதில் ஒலிப்பது இனிமையாக இருக்கிறது, அதனால் சொன்னேன்.

மீன் சந்தையில் நல்ல விளைமீனை ஓரமாக மூடிவைத்து, "அக்கா, உங்களுக்கெண்டு எடுத்து வச்சனான்" என்பார் விற்பவர். கையில் காசு குறைந்த நாளில் பலசரக்குக் கடையின் கடன் கொப்பியில் பெயர் ஏறும். முகம் கோணாமல் சாமான் கட்டிக் கொடுப்பார்கள். விற்பவர் நம்மை வாடிக்கை என்கிறார். நாமோ அடுத்த வீட்டாரிடம், "அது எங்கட வாடிக்கைக் கடை, என்ர பேரைச் சொல்லுங்கோ" என்கிறோம்.