பாடும் ஏற்பும்: இயேசுவின் துன்பத்தைச் சிறுவர்க்கு உணர்த்தும் தமிழ்

இயேசுவின் துன்பத்தைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் தமிழ் இரண்டு கருத்துகளை ஒருங்கே உணர்த்த வேண்டியுள்ளது. ஒன்று, அவர் குற்றமற்றவர். மற்றொன்று, அத்துன்பத்தை அவர் மனமுவந்து ஏற்றார். வழக்கிலுள்ள சொற்கள் இவற்றை எந்த அளவுக்கு உணர்த்துகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் 'பாடு' என்னும் சொல். இது 'படு' என்பதன் முதல்நிலை திரிந்த தொழிற்பெயர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஓதும் நம்பிக்கை அறிக்கைகளில் 'பாடுபட்டு' என்ற எச்சமே வழங்குகின்றது. அன்றாட வழக்கிலோ 'பாடுபடுதல்' உழைத்தலைக் குறிக்கும். தந்தை பாடுபட்டுக் குடும்பத்தைக் காப்பதாகக் கேட்டு வளர்ந்த குழந்தை, 'இயேசு பாடுபட்டார்' என்பதையும் அவ்வாறே பொருள்கொள்ளக்கூடும்.

'துன்பப்பட்டார்' என மாற்றினும் சிக்கல் முற்றும் தீர்வதில்லை. திராவிட வினைக்குத் தனிச் செயப்பாட்டு வடிவம் இல்லை என்றும், 'படு' முதலிய துணைவினைகளே அப்பொருளைத் தருகின்றன என்றும் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) கூறுவார். 'பிடிக்கப்பட்டார், அடிக்கப்பட்டார், அறையப்பட்டார்' என அடுக்கும்போது இயேசு செயலுக்கு ஆட்படுபவராக மட்டுமே தோன்றுகிறார். தீங்கு செய்தவரும் தொடரிலிருந்து மறைகின்றனர். யோவான் 10:18இல் உயிரைத் தாமே கொடுப்பதாக அவர் கூறுவது செய்வினையில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

'விரும்பித் துன்புற்றார்' என்பதோ வலியையே விரும்பியதாகப் பொருள் தரும். லூக்கா 22:42இல் துன்பக் கிண்ணம் நீங்க வேண்டுமென்றே அவர் வேண்டுகிறார். பின்னரே தந்தையின் விருப்பத்திற்கு இசைகிறார். எனவே 'ஏற்றுக்கொண்டார்' என்பதே பொருத்தமான வினை. 'கொள்' என்னும் துணைவினை செயலை எழுவாயின் முடிவாக்குகிறது.

பிறிதோரிடத்தில் தமிழ் மூலத்தினும் தெளிவு தருகின்றது. யூதாசின் செயலையும் (மத்தேயு 26:25) இயேசு தம்மைக் கையளித்ததையும் (கலாத்தியர் 2:20) கிரேக்கம் 'பராதிதோமி' என்னும் ஒரே வினையால் சுட்டும். தமிழ் மொழிபெயர்ப்புகள் முன்னதைக் 'காட்டிக்கொடுத்தல்' எனவும், பழைய மொழிபெயர்ப்பு பின்னதை 'ஒப்புக்கொடுத்தல்' எனவும் பிரித்துரைக்கின்றன. வஞ்சகமும் ஈகையும் வேறென்பதைக் குழந்தை சொல்லளவிலேயே உணர்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே வினை என்பதால் மூலத்தில் விளையும் முரண்நயம் தமிழில் மறைந்துவிடுகின்றது.

'பாவம்' என்ற சொல்லும் கருதத்தக்கது. அது குற்றத்தையும் இரக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். 'பாவத்தைச் சுமந்தார்' என்பதற்கு முன், அவர் எத்தவறும் செய்யாதவர் என்பதைத் தனித் தொடராகக் கூறுதல் வேண்டும். துன்புறுவோர் தவறு செய்தவரே என்ற எண்ணம் குழந்தைகளிடம் எளிதில் வேர்கொள்ளும்.

இது வெறும் சொல்லாய்வன்று. வீட்டிலோ வகுப்பிலோ அடிபடும் குழந்தையும் இப்பாடத்தைக் கேட்கிறது. 'பொறுமையாகப் பட்டார்' என்று மட்டும் சொன்னால், அடிபடுவதே நற்பண்பு என அது கொள்ளும். தம்மை அறைந்தவனிடம் இயேசு காரணம் கேட்டதை (யோவான் 18:23) மொழிபெயர்ப்பாளரும் பாடநூலாசிரியரும் விடாது சேர்த்தல் வேண்டும். ஏற்றவரின் உரிமையையும், அடித்தவரின் குற்றத்தையும் ஒருங்கே காட்டும் தொடரே இப்பாடத்திற்கு ஏற்ற தமிழாகும்.