அச்சக வரியும் துண்டுத்தாளும்: பழந்திரைச் சுவரொட்டிச் சேகரிப்பு குறித்த மறுநோக்கு

தமிழ்த் திரைப்படச் சுவரொட்டி இன்று விலைமதிப்புள்ள அரும்பொருளாகிவிட்டது. சேகரிப்போர் அதனைப் படம், நடிகர், ஓவியர் என்னும் அளவைகளைக் கொண்டே பெரிதும் மதிப்பிடுகின்றனர். கீழ்விளிம்பில் சிற்றெழுத்தில் அமையும் அச்சகப் பெயர் இம்மதிப்பீட்டில் அரிதாகவே இடம்பெறுகிறது; சட்டமிடும்போது அவ்விளிம்பு வெட்டப்படுவதும் உண்டு. கொட்டகையின் பெயரும் காட்சி நாளும் தாங்கி, சுவரொட்டியின்மீது ஒட்டப்பட்ட துண்டுத்தாளோ அழுக்காகக் கருதப்பட்டு நீக்கப்படுகிறது. இவ்விரண்டையும் இழந்த சுவரொட்டி அழகிய ஓவியமாக எஞ்சலாம். எப்போது, எங்கே, யாருக்காக அது ஒட்டப்பட்டது என்பதற்குச் சான்றாக எஞ்சுவதில்லை.

சுவரொட்டி ஒரே அச்சகத்தின் ஆக்கம் அன்று. வண்ணப்படம் சென்னையிலோ சிவகாசியிலோ கல்லச்சு முறையிலும் பின்னர் ஆப்செட் முறையிலும் அடிக்கப்பட்டது. தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றுக்கான வண்ண முகப்புச்சீட்டுகளின் தேவையால் வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில் திரைப்படத்துக்கும் எளிதில் கைகொடுத்தது. ஆனால், படம் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்ததும் அவ்வூர்க் கொட்டகையின் பெயரைச் சுவரொட்டியில் சேர்த்தவை அருகமைச் சிற்றூர்களின் தனியார் அச்சகங்களே. கையால் அச்சுக்கோத்து, மலிவான வண்ணத்தாளில், ஒற்றை மையில் அடித்த துண்டுத்தாள்களும் நோட்டீசுகளும் அவற்றின் ஆக்கங்கள். படமில்லாத இத்தாள்களுக்குச் சந்தையில் விலையில்லை. அதனாலேயே இவை சுவரொட்டியைவிட விரைந்து அழிகின்றன.

சட்டமும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டம் நூல்களில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இடம்பெற வேண்டுமென விதித்தது. அரசுக்குப் படி அளிப்பதையும் கட்டாயமாக்கியது. சிறுவெளியீடும் தனித்தாளில் அச்சிட்ட இசைக்குறிப்பும் நிலப்படமும்கூட அச்சட்டத்தின் ‘நூல்’ என்னும் வரையறைக்குள் அடங்கின. எனவே திரைப்பாட்டுப் புத்தகம் அரசின் நூற்பட்டியலில் ஏறத் தக்கதாயிற்று. சுவரொட்டி அவ்வரையறையில் குறிப்பிடப்படவில்லை. பாட்டுப்புத்தகத்தைத் துணைகொண்டு திரைவரலாறு எழுதுவது எளிதாகவும், சுவரொட்டியைத் துணைகொண்டு எழுதுவது தற்செயலை நம்பியதாகவும் இருப்பது வியப்பன்று.

இழப்பின் அளவை உணரச் சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலை எடுத்துக்கொள்ளலாம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர், 1989 செப்டம்பர் வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர் அது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமாயிற்று. (சம்புவராயரின் படைவீடு சந்தவாசலுக்கு மிக அருகிலேயே உள்ளது.) 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர், மன்னர் பெயர்கள் நீக்கப்பட்டபோது திருவண்ணாமலை மட்டும் எஞ்சியது. எட்டே ஆண்டுகளுக்குள் மூன்று பெயர்கள். இவ்வட்டாரத்து நோட்டீசு ஒன்றில் ‘வ.ஆ.’ என்றிருந்தால் அது 1989க்கு முற்பட்டதாகலாம். ‘சம்புவராயர்’ என்றிருந்தால் காலஎல்லை மேலும் சுருங்கும். கொட்டகை நோட்டீசுகள் கிழமையையும் தேதியையும் கூறி ஆண்டைக் கூறாமல் விடுவது வழக்கமாதலின், இத்தகைய அகச்சான்றே காலக்கணிப்புக்கு முதன்மையான துணை.

அச்சக வரியும் அவ்வாறே பேசும். அதில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் காணப்பட்டால் அத்தாள் 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை முதலிய எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. எனவே 1950களின் படமொன்றுக்கு உரிய ‘முதல் வெளியீட்டுச்’ சுவரொட்டி எனக் கூறப்படுவதில் புதிய வடிவங்கள் காணப்பட்டால், அது மறுவெளியீட்டுக்கு அடித்ததாகவே இருக்கக்கூடும். எனினும் இவ்வளவுகோலை இருபுறமும் எச்சரிக்கையுடன் கையாளவேண்டும். பெரியாரின் ‘குடி அரசு’ 1935 முதலே சீர்திருத்த வடிவங்களைப் பயன்படுத்தியது. வாங்கிவைத்த ஈய எழுத்துகளைக் கைவிட மனமில்லாத சிற்றச்சகம் 1978க்குப் பின்னும் பழைய வடிவத்திலேயே அடித்திருக்கலாம்.

சேகரிப்பில் இருவேறு மரபுகளைக் காணமுடிகிறது. ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன் படத்தை அலகாகக் கொண்டு தகவல் திரட்டினார். தமிழ்த் திரைப்படப் பட்டியலாக்கம் அவருக்குப் பெரிதும் கடன்பட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய கைவினைஞர். அவர் நூல்களோடு நாடக, திரைப்பட நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் கழிக்காமல் சேர்த்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் ஆய்வு நூலகமாக நிலைபெற்ற அத்தொகுப்பு, தேர்ந்தெடுக்காத சேகரிப்பின் பயனைக் காட்டுகிறது. ஆனந்தன் வழியில் எந்தப் படம் எப்போது வெளியாயிற்று என அறியலாம். அப்படம் மலையடிவாரத்து ஊருக்கு எத்தனை ஆண்டு கழித்து வந்தது என்னும் வினாவுக்கு முத்தையா வழியே பொருந்தும். இன்றைய சுவரொட்டிச் சேகரிப்பு முதல் வழியைக்கூட முழுமையாகப் பின்பற்றாமல், நடிகர் முகத்தோடு நின்றுவிடுகிறது.

ஆவணக்காப்பகங்களின் எண்மமாக்கமும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. படத்தின் பெயரும் இயக்குநர் பெயரும் விவரக்குறிப்பில் இருக்க, அச்சகம், அச்சான ஊர், துண்டுத்தாளின் வாசகம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கப்படாத நிலையில், விளிம்பு தெளிவாக ஒளிப்படமாகியிருந்தும் தேடலில் அகப்படாது. இவ்விடங்களைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவில்லை. துணியில் ஒட்டிச் செப்பனிடுவதற்கு முன், துண்டுத்தாளோடு கூடிய நிலையில் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒருமுறை படமெடுத்துவைத்தால் போதும்.