பரிகாரம் சொல்லும் அவசரம்

புகைப்படச் சங்கங்களின் மாதாந்தரக் கூட்டங்களில் இப்போது ஒரு சம்பிரதாயம் நிலைபெற்றுவிட்டது. திரையில் ஓர் அமெச்சூரின் படம் தோன்றியதும், பேச எழுகிறவர் முதலில் அதில் நல்லது ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்துப் பாராட்ட வேண்டும். பிறகு குறையை நோகாமல் சொல்ல வேண்டும். சொன்ன குறைக்குக் கையோடு பரிகாரமும் சொல்லி, இன்னொரு பாராட்டோடு அமர வேண்டும். பரிகாரம் சொல்லத் தெரியாதவனுக்குக் குறை சொல்லும் அதிகாரம் கிடையாது என்று, அநேக வருஷங்களாக நடுவராக இருந்துவரும் ஒரு பெரியவர் சமீபத்தில் வாதித்தபோது, சபை முழுவதும் ஆமோதித்துத் தலையசைத்தது. கொள்கை நாகரிகமானது, தயை நிறைந்தது, கேட்கவும் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும், அதனால் கலைக்கு நேர்கிற கெடுதல் அவ்வளவும் அந்தப் பரிகாரத்திலிருந்தே பிறக்கிறது என்பது என் வெகுநாளைய அபிப்பிராயம்.

இம்முறையால் பிரயோஜனமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. கை நடுங்கியதால் வந்த கலங்கல், வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன வானம், சென்ஸரில் படிந்த தூசு, அஜாக்கிரதையால் சாய்ந்துவிட்ட கடற்கோடு ஆகியவற்றைத் தனியே உழைப்பவன் உணர வருஷங்கள் பிடிக்கும். சங்கத்தில் ஒரே மாலையில் உணர்ந்துகொள்வான். புதியவர்களை ஏளனம் செய்தே விரட்டிய பழைய நடுவர்களின் ஆட்சி ஒழிந்ததும் நல்லதே.

ஆனால் ஒரு படத்துக்குப் பரிகாரம் சொல்ல வேண்டுமானால், அது என்னவாக ஆகியிருக்க வேண்டும் என்பது சொல்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எடுத்தவரை யாரும் கேட்பதில்லை. போட்டிகளிலோ அவர் பெயரையே மறைத்து வைத்துவிடுகிறார்கள். ஆகையால் பேசுகிறவர், தம் மனத்தில் ஏற்கெனவே குடியேறிவிட்ட பரிசுப் படங்களின் சாயலை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். எதிரே நிற்கும் படம், அந்தச் சாயலை எட்ட முயன்று தவறிய ஒன்றாகவே அவர் கண்ணுக்குப் படுகிறது. உப்புப் போதவில்லை என்கிறவர், இலையில் விழுந்திருப்பது ரசமா பாயசமா என்றாவது முதலில் பார்க்க வேண்டாமா?

காசிமேட்டு மீன்துறையில் ஓர் இளைஞர் எடுத்திருந்த படம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். விடியற்கால ஏலம் முடிந்துவிட்ட நேரம். மீன்காரி ஒருத்தி படத்தின் வலது ஓரத்தில், ஒரு தோள் சட்டகத்துக்கு வெளியே போய்விட, திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நடுவில் ஈரத் தரையும் காலிப் பிளாஸ்டிக் கூடை ஒன்றும் தவிர வேறொன்றும் இல்லை. கூடையை அழித்துவிடலாம் என்றார் ஒருவர். இடப்பக்கத்து வெறுமையை க்ராப் செய்து, அவளை மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் நிறுத்தினால் படம் எடுப்பாகிவிடும் என்றார் மற்றொருவர். முகத்தில் சற்றே வெளிச்சம் ஏற்றினால் கண்கள் பேசும் என்றார் மூன்றாமவர். எல்லாரும் அன்போடுதான் சொன்னார்கள். அந்தப் பெண் எதைப் பார்க்கிறாள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவள் பார்த்தது அந்த வெறுந்தரையைத்தான். அன்றைக்கு அவளுக்குச் சரக்கு அகப்படவில்லை என்ற செய்தியை, அழிக்கச் சொன்ன கூடையும் வெட்டச் சொன்ன வெறுமையுமே தாங்கிக்கொண்டிருந்தன. மறு மாதம் இளைஞர் சொன்னபடியெல்லாம் திருத்திக் கொண்டுவந்தார், பிரகாசமான முகம் ஒன்று சரியான இடத்தில் இருந்தது, மதிப்பெண்ணும் கூடியது.

அந்த மூன்றில் ஒரு பங்கு விதியின் பூர்விகமும் வேடிக்கையானது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் சித்திரக்காரர், நிலக்காட்சி ஓவியத்தில் நிலத்துக்கும் வானத்துக்கும், ஒளிக்கும் இருளுக்கும் பங்கு பிரிக்க ஒரு யோசனையாக அதை 1797-இல் எழுதிவைத்தார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல். தாம் கண்டிராத ஒரு கலைக்கு அவர் சட்டம் இயற்றவில்லை. சட்டமாக்கியவர்கள் நம் சங்கத்தார்.

சங்கத்தாரின் தீர்ப்பு பிழைபட்டதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1863-ஆம் வருஷக் கடைசியில், நாற்பத்தெட்டு வயதில், மகள் கொடுத்த காமிராவை வைத்துக்கொண்டு படம் பிடிக்க ஆரம்பித்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையார், லண்டன் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்து தம் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அந்தச் சங்கத்தின் சஞ்சிகை அவற்றை ஃபோகஸ் தவறியவை என்று கண்டித்தது. கலங்கல் முதலில் தற்செயலாக நேர்ந்ததுதான் என்பதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். லென்ஸைத் திருப்பிக்கொண்டே வருகையில் தம் கண்ணுக்கு மிக அழகாகப் பட்ட நிலையிலேயே நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் துல்லியம் வரையில் போகவில்லை என்றும் சொல்கிறார். அவரைச் சங்கத்தார் கடுமையாகத்தான் பேசினார்கள். அதுவே அவருக்கு அனுகூலமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. கடுஞ்சொல்லைப் புறக்கணிப்பது ஒரு பிடிவாதக்காரிக்கு எளிது. இன்றைய சங்கமாக இருந்தால், முகபாவத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, ஃபோகஸை மட்டும் சற்றே கூர்மையாக்கலாமே என்று குழைந்திருக்கும். அந்தக் குழைவுக்கு எதிரே யார் நிற்க முடியும்? 1875-இல் கணவருடைய காபித் தோட்டங்களுக்காக இலங்கைக்குப் போய், தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்து, 1879-இல் மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமான அந்த அம்மையாரின் படங்களை இன்று உலகத்துப் பெரிய கலைக்கூடங்கள் போற்றி வைத்திருக்கின்றன.

1959-இல் ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரரின் ‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற படப் புஸ்தகம் அமெரிக்காவில் வெளிவந்தபோது, அமெச்சூர்களின் பெரும் பத்திரிகை ஒன்றில் எழுதிய விமர்சகர்கள் அதில் கலங்கலையும் மணற்பொரியையும் சாய்ந்த அடிவானத்தையும் கண்டு முகம் சுளித்தார்கள் என்பதும் யாவரும் அறிந்ததே. மூன்றையும் மென்பொருளால் நிவர்த்தி செய்துவிடலாம். பிறகு மிஞ்சுவது எவருடைய புஸ்தகமாகவும் இருந்திருக்கலாம்.

சலோன்கள் என்கிற புகைப்படப் போட்டிகளைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பம் இல்லை. நடுவர் மூவர் ஒவ்வொரு படத்தையும் சில விநாடிகள் பார்த்து எண் கொடுக்கிறார்கள். எத்தனை தேசங்களில் எத்தனை படங்கள் ஏற்கப்பட்டன என்ற கணக்கின்மேல், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்கள் வந்து சேர்கின்றன. சில விநாடிகளில் கத்தத் தெரிந்த படம் பிழைக்கிறது. மாதாந்தரக் கூட்டத்துப் பரிகாரங்கள் யாவும் அந்தக் கத்தலுக்குக் குரல் பழக்குபவையே. தில்லியில் யமுனைத் துறையில் குளிர்காலத்துக் கடற்புறாக்கள் சூழ மிதக்கும் படகும், சுருக்கம் விழுந்த கிழவரின் கறுப்பு வெள்ளை முகமும், குலசேகரன்பட்டினத்துத் தசராவில் காளிவேஷக்காரரின் விரித்த விழியும் வருஷந்தோறும் வேறு வேறு பெயர்களின் கீழ் திரும்பத் திரும்ப வருவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இதில் நான் அநியாயம் பேசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிறவர்கள், சென்ற வருஷத்துச் சலோன் மலரையும் அதற்கு முந்தின வருஷத்து மலரையும் அருகருகே விரித்துப் பார்க்கட்டும்.

வேறு மார்க்கம் இல்லாமலில்லை. 1952-இல் ‘அபெர்ச்சர்’ என்ற புகைப்படப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைனர் வைட், தம் மாணவர்களை ஒரே படத்தின் முன் வெகுநேரம் மௌனமாக உட்கார்த்திவைத்து, அதில் இருப்பதை வாசிக்கப் பழக்கினார்; அந்த முறையில் தியானம், ஞானம் என்று கொஞ்சம் அதிகமாகவே கலந்துவிட்டார் என்பது வேறு விஷயம். படத்தில் இருப்பது இன்னது, அது தமக்கு இன்னதாகத் தோன்றுகிறது என்று மட்டும் நான்கு பேர் சொல்லி நிறுத்திக்கொண்டால், எடுத்தவருக்குத் தம் எண்ணம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். அதற்கு மேற்பட்டது அவர் வேலை.

அப்படி விட்டால் ஆரம்ப சாதகர் வழி தெரியாமல் திகைத்துப் போவாரே என்று நடுவர் பெரியவர் கவலைப்பட்டார். திகைக்கட்டுமே. திகைத்தவர் மறுபடியும் விடியலில் காசிமேட்டுக்குப் போய் நின்றாக வேண்டும். பரிகாரம் வாங்கிக்கொண்டவருக்கு அந்தச் சிரமம் கிடையாது, வீட்டில் உட்கார்ந்தபடியே கூடையை அழித்துவிடலாம்.