காட்சிச்சாலையிற் கூத்தப்பிரான்

சென்னை எழும்பூரில் விளங்கும் அரசினர் அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் ‘செத்த காலேஜ்’ என வழங்கினர். 1851-ஆம் ஆண்டில் தோன்றிய அச்சாலையைச் சார்ந்து சில்லாண்டுகள் உயிர் விலங்குகளும் வளர்க்கப்பட்டன. பின்னர் அவை வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட, அவ்விடம் ‘உயிர்க் காலேஜ்’ எனவும், பாடஞ்செய்த உடல்களும் என்புக்கூடுகளும் நின்ற இவ்விடம் ‘செத்த காலேஜ்’ எனவும் பெயர்பெற்றன. திமிங்கிலத்தின் என்புக்கூட்டுக்கு அப்பெயர் பொருந்துவதே. அதே வளாகத்திற் செப்புத்திருமேனிக் கூடத்தில் எழுந்தருளியிருக்கும் கூத்தப்பிரானுக்கும் அது பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

படூரில் வாழும் எமக்கு மாமல்லபுரம் அண்மையிலுள்ளது. ஆங்குள்ள திருவுருவங்கள் பாறையோடு பாறையாய் நிற்றலின் அவற்றை ஒருவரும் பெயர்த்துக் கொண்டுபோதல் அரிது. உப்புக்காற்று அரிப்பினும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. செப்புத்திருமேனியின் நிலை வேறு. அது நடப்பதற்கென்றே வார்க்கப்பட்டது. பீடத்திற் காணப்படும் வளையங்களும் துளைகளும் தண்டு செருகிக் கயிற்றாற் பிணித்து வீதிக்கு எழுந்தருளச் செய்தற்கு அமைந்தனவே. மெழுகில் உருச்செய்து, மேலே மண் பொதிந்து, மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையில் ஓர் அச்சு ஒரு திருமேனிக்கே உதவும். அச்சை உடைத்தே திருமேனியை எடுத்தல் வேண்டுமாகலின் பிறிதொன்று அதனின்று பிறவாது.

அண்மையில் எம் பெயரனை அழைத்துக்கொண்டு அக்கூடத்துக்குச் சென்றிருந்தோம். திருவாலங்காட்டுத் திருமேனியின் முன் நின்ற அவன், “தாத்தா, கோயிலில் சுவாமியின் இடுப்பையே நான் கண்டதில்லையே!” என்றான். அது மெய்யே. கோயிலிற் பட்டும் மாலையும் மறைப்பதனை ஆங்கு முழுதுங் கண்டோம். திருமுழுக்காட்டும் வேளையில் அருகு நிற்பார்க்கன்றிப் பிறர்க்கு எய்தாத காட்சி அது. எடுத்த திருவடிக்கும் ஊன்றிய திருவடிக்கும் இடையே உடல் முழுதும் திரும்பி நிற்கும் நிலையைக் கண்டபோது, காட்சிச்சாலையை இகழ்ந்து பேசும் எம் போன்றார் நாணுதல் வேண்டும் என்றே தோன்றிற்று.

பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதேன் இத்திருமேனியை நேரிற் கண்டவரல்லர். சென்னையினின்று சென்ற புகைப்படங்களைக் கண்டே 1913-இல் அவர் வியந்தெழுதினார். அக்கட்டுரை அவர் மறைந்தபின் 1921-இல் வெளிவந்தது. உறுப்பின் வளைவையும் ஒளி நிழலையும் அவர் கண்டார், தத்துவத்தை ஆராய்ந்தாரல்லர். அதற்கு ஓராண்டு முன்னரே, 1912-இல், ஆனந்த குமாரசுவாமி ‘சித்தாந்த தீபிகை’யில் சிவபெருமானது திருக்கூத்தைப்பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. அவர்க்கு உண்மைவிளக்கம் முதலிய நூல்கள் துணைநின்றன. சைவப் பத்திரிகையொன்றில் முளைத்த அக்கட்டுரையே பின்னர் 1918-இல் நூலிற் சேர்ந்து மேனாடெங்கும் பரவியதென்பதை நம்மவர் பலர் அறியார். சிற்பியின் கண்ணும் சித்தாந்தியின் நூலறிவும் சேர்ந்தன்றி இத்திருமேனி விளங்காது என்பது எம் துணிபு.

காட்சிச்சாலைப் பெயர்ச்சீட்டுக்களோ, எந்நாட்டினும், பெயர், உலோகம், நூற்றாண்டு, கிடைத்த ஊர் என்னும் நான்கனைக் கூறி அமைவதே பெருவழக்கு. நான்கும் வேண்டுவனவே, போதா. சான்றாகத் திருவாலங்காட்டுத் திருமேனியிற் சுடர்சூழ்ந்த திருவாசி இல்லை. விரிந்த சடையும் இல்லை. காலத்தால் இழக்கப்பட்டன. உண்மைவிளக்கம் திருவாசியை ஓங்காரமெனக் கூறும். அஃது இல்லாத குறையை அறியாது நோக்குவார் ஆடுமொருவனைக் காண்பர். ஆடுகின்ற இடத்தைக் காணார். இன்னும் ஒன்று. திருவாலங்காடு இரத்தினசபை, அத்தலத்துக்குரியது ஊர்த்துவ தாண்டவம். இத்திருமேனியோ ஆனந்த தாண்டவக் கோலத்தது. ஊர்ப்பெயரை மாத்திரம் படித்தவர் இரண்டனையும் ஒன்றென மயங்குதல் கூடும். இவற்றை விளக்க இரண்டு வரிகள் போதும்.

“எல்லாத் திருமேனிகளையும் கோயிலுக்கே மீட்டுவிடுக” என்று சில அன்பர் வற்புறுத்துவர். அவர்தம் அன்பு போற்றத்தக்கது. ஆயினும் யாம் முற்றும் உடன்படேம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலினின்று களவுபோன கூத்தப்பிரான் திருமேனியை 2008-இல் ஆஸ்திரேலியாவின் தலைநகர்க் கலைக்கூடம் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. 2014-இல் அது நம் நாட்டுக்கு மீண்டது. விலைகொடுத்தாரை வைதல் எளிது. விளக்கேற்றுவாரும் காப்பாருமின்றிக் கோயிலைப் பூட்டிவைத்த நம்மை யார் வைவது? பூசையும் காவலும் உள்ள கோயிலுக்குத் திருமேனி மீளுக. இல்லாவிடத்துக் காட்சிச்சாலைக் காவலே தக்கது என்க.

நிற்க. கூடத்தினுள் நுழையுமுன்னரே எம் பெயரன், “செருப்பை எங்கே விடுவது?” என வினவியிருந்தான். யாம் விடை கூறவில்லை. உள்ளே துடியும், அமைத்த கையும், எரியும், ஊன்றிய தாளும், எடுத்த தாளும் முறையே படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று சொல்லிக்கொடுத்தோம். அவன் விரல்விட்டு எண்ணி ஐந்தனையும் திருப்பிச் சொன்னான். பின்பு சிறிது பொழுது வாளாநின்று, திருவாசி இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தைக் கையால் வட்டமிட்டுக் காட்டி, “இங்கேதானே இருந்திருக்கும்?” என்றான்.